டோஜோவின் விசாரணை: படம் சொன்னது ஒன்று, தீர்ப்பில் இருப்பது வேறொன்று

1943 ஜூலை 6. ஜோகூர்பாருவிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டினால் சிறிது தூரத்தில் இருக்கும் சிங்கப்பூர் பாடாங் திடல். ஜப்பானியப் பிரதமர் ஹிடெகி டோஜோ அங்கே நின்று இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். பக்கத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். அணிவகுத்துச் சென்றவர்களில் மலாயாத் தமிழர்களும் இருந்தார்கள்.

அதே ஜூலை மாதம் சயாம் காட்டில் பெருமழை. காலரா பரவி, ரயில் பாதை போடப் போன தோட்டத்து மக்கள் கூட்டம் கூட்டமாக இறந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பாதையைக் குறித்த நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்று நெருக்கியது டோஜோ தலைமையிலான அரசுதான்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1948 டிசம்பர் 23 அன்று, டோக்கியோவின் சுகாமோ சிறையில் டோஜோ தூக்கிலிடப்பட்டார். அவர் மீது நடந்த விசாரணையை வைத்து 1998 மே மாதம் ஜப்பானில் ஒரு படம் வெளிவந்தது. பெயர் 'பிரைட்'. பெருமை, தன்மானம் என்ற பொருளில் வைத்த பெயர். அந்தப் படத்துக்கும் ஜோகூரின் ரப்பர் தோட்டங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். படத்தில் இந்தியா வருகிறது, இந்திய நீதிபதி வருகிறார், இந்திய விடுதலை வருகிறது. ஆனால் அந்தப் போரில் கூட்டம் கூட்டமாகச் செத்த தோட்டத் தமிழர்களின் கதை அந்தப் படத்தின் கதை அல்ல. அந்த விசாரணையின் தீர்ப்பிலோ தமிழர் என்ற சொல் எழுதப்பட்டே இருக்கிறது.

விசாரணை எப்படி நடந்தது

1941 அக்டோபரில் பிரதமரானவர் டோஜோ. அந்த டிசம்பரில் பேர்ல் துறைமுகமும் கோத்தா பாருவும் தாக்கப்பட்டது அவர் ஆட்சியில். 1944 ஜூலையில் பதவி விலகினார். ஜப்பான் சரணடைந்த பிறகு, 1945 செப்டம்பரில், தம்மைக் கைது செய்ய அமெரிக்கர்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது துப்பாக்கியால் நெஞ்சில் சுட்டுக்கொண்டார். குண்டு இதயத்தில் படவில்லை. அமெரிக்க மருத்துவர்கள் அவரைப் பிழைக்க வைத்து, பிறகு விசாரணைக்கு நிறுத்தினார்கள்.

டோக்கியோவின் இச்சிகாயா பகுதியில், முன்னாள் ராணுவக் கட்டடத்தில் 1946 மே 3 அன்று விசாரணை தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 28 பேர். 11 நாடுகளிலிருந்து 11 நீதிபதிகள். தலைமை நீதிபதி ஆஸ்திரேலியாவின் வில்லியம் வெப். தலைமை வழக்கறிஞர் அமெரிக்காவின் ஜோசப் கீனன். முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. டோஜோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒகாவா ஷூமெய் என்பவர் டோஜோவின் வழுக்கைத் தலையில் பட்டென்று அடித்தார். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று விசாரணையிலிருந்து விலக்கிவிட்டார்கள். இருவர் விசாரணை நடக்கும்போதே இறந்தார்கள். ஆக, கடைசியில் தீர்ப்பு 25 பேருக்கு.

இரண்டரை ஆண்டுகள் நடந்தது. நேரில் சாட்சி சொன்னவர்கள் 419 பேர். 4,300-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் தாக்கலாயின. குற்றச்சாட்டுகள் பல இருந்தாலும் சுருக்கமாக இரண்டு வகை. ஒன்று, பிற நாடுகள் மீது போர் தொடுக்கத் திட்டமிட்டது. மற்றொன்று, போர்க் கைதிகளையும் பொதுமக்களையும் கொடுமைப்படுத்தியது, அல்லது கொடுமை நடக்கிறது என்று தெரிந்தும் தடுக்காமல் விட்டது. டோஜோ இரண்டு வகையிலும் குற்றவாளி என்று 1948 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அவரோடு சேர்த்து ஏழு பேருக்குத் தூக்கு.

அந்த ஏழு பேரில் இருவர் நம் பக்கத்துக்குத் தெரிந்தவர்கள். தொய்ஹாரா கென்ஜியும் இத்தாகாகி செய்ஷிரோவும் போரின் கடைசிக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து ஜப்பானியப் படைகளை நடத்தியவர்கள். 1945 செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சரணடைவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இத்தாகாகி.

மாமன்னர் ஹிரோஹிட்டோ கூண்டில் ஏற்றப்படவில்லை. ஜப்பானை ஆள அவர் தேவை என்று அமெரிக்கா முடிவு செய்திருந்தது. மாமன்னரின் விருப்பத்தை மீறி எந்த ஜப்பானியனும் எதையும் செய்யமாட்டான் என்று டோஜோ சாட்சிக் கூண்டில் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அப்படியானால் போரும் மாமன்னரின் விருப்பம்தானே என்ற கேள்வி எழுந்தது. ஒரு வாரத்துக்குள் அவரையே மறுபடி பேச வைத்து, அந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். விசாரணையில் அரசியல் கலந்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

படம் எதைக் காட்டியது

'பிரைட்' படத்தை இயக்கியவர் ஷுன்யா இத்தோ. டோஜோவாக நடித்தவர் மசாஹிகோ சுகாவா, ஜப்பானில் பெரிய நடிகர். கீனனாக ஸ்காட் வில்சன், வெப்பாக ரோனி காக்ஸ் என்று ஹாலிவுட்டிலிருந்தும் ஆள் வந்தது. இந்திய நீதிபதி ராதாபினோத் பாலாக நடித்தவர் இந்தித் திரையுலகின் சுரேஷ் ஓபராய். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம்.

படத்தில் டோஜோ ஒரு குடும்பத் தலைவர். மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் மேல் பாசம் கொண்டவர். தோற்ற நாட்டின் மானத்தைக் காக்கத் தனி ஆளாக நீதிமன்றத்தில் வாதாடுகிறவர். வெள்ளைக்காரர்களின் ஆட்சியிலிருந்து ஆசியாவை விடுவிக்கத்தான் போர் நடந்தது என்பது அவர் பக்க நியாயம். அதற்குச் சாட்சியாக இந்திய விடுதலைக் கதை படத்தோடு பின்னப்பட்டிருக்கிறது.

படம் வந்தபோது ஜப்பானுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. படத்தை வெளியிட்ட தோயி நிறுவனத்தின் தொழிற்சங்கத்தாரும் எதிர்த்தார்கள். சீனாவும் கண்டித்தது. நான்ஜிங் படுகொலையைப் படம் காட்டும் விதம் பற்றித்தான் பெரும்பாலான சண்டை. சீனர்களுக்காகப் பேச ஒரு நாடு இருந்தது. சயாம் ரயிலில் மாண்ட தமிழர்களுக்காக அன்று யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

இது அந்த ஒரு படத்தின் குறை மட்டுமல்ல. 1957-இல் டேவிட் லீன் எடுத்த 'குவாய் நதிப் பாலம்' படத்தைப் பார்க்காத தலைமுறை இங்கே இல்லை. சயாம் ரயில் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் அந்தப் படத்திலிருந்துதான். அதைப் படமாக்கியது இலங்கையின் கித்துல்கலையில். அதிலும் பாதை போடுகிறவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள்தான். டோக்கியோ விசாரணையை வைத்து 2016-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் பாலாக இர்பான் கான் அருமையாக நடித்திருந்தார். அதன் கண்ணும் நீதிபதிகளின் அறையை விட்டு அதிகம் வெளியே போகவில்லை.

பால் என்ன சொன்னார்

ராதாபினோத் பாலைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் வங்காளத்தில் 1886-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் உயர்ந்தவர். 11 நீதிபதிகளில் எல்லாரும் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுதலை என்று எழுதியவர் அவர் ஒருவரே. ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய அந்த மாறுபட்ட தீர்ப்பை நீதிமன்றத்தில் வாசிக்கவில்லை. அமெரிக்கப் படை ஜப்பானை விட்டுப் போகும்வரை அங்கே அதை அச்சிடவும் விடவில்லை.

அவர் வாதம் இதுதான். போர் தொடுப்பது தனி மனிதர்களைத் தண்டிக்கத்தக்க குற்றம் என்று 1941-இல் எந்தச் சர்வதேசச் சட்டமும் சொல்லவில்லை. செயல் நடந்த பிறகு சட்டம் செய்து தண்டிப்பது நீதியாகாது. வென்றவன் நீதிபதியாக உட்கார்ந்து தோற்றவனை விசாரிப்பது பழிவாங்கல். ஆசியாவைப் பிடித்து வைத்திருந்தவர்களே இன்னொருவனை ஆக்கிரமிப்பாளன் என்று சொல்ல என்ன தகுதி? அணுகுண்டு போட்டவர்களை யார் விசாரிப்பது?

இந்தக் கேள்விகளில் நியாயம் உண்டு. அதுவும் அன்றைய இந்தியர் ஒருவர் காதுக்கு இவை சொந்தக் குரலாகவே கேட்டிருக்கும். பால் டோக்கியோ போவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் டெல்லி செங்கோட்டையில் இன்னொரு விசாரணை நடந்து முடிந்திருந்தது. இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர் மீதும் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றம். நாடே கொந்தளித்தது. தண்டனை விதித்தும் அதை நிறைவேற்ற முடியாமல் 1946 ஜனவரியில் விட்டுவிட்டார்கள். இந்தக் கதையை வைத்து திக்மான்ஷு தூலியா 2017-இல் 'ராக் தேஷ்' என்ற இந்திப் படம் எடுத்திருக்கிறார். வென்றவனின் நீதிமன்றம் எப்படிப்பட்டது என்று இந்தியர்கள் கண்ணால் பார்த்திருந்த காலம் அது.

ஆனால் பால் சொல்லாத ஒன்றையும் அவர் பெயரில் ஏற்றிவிடுகிறார்கள். ஜப்பானியப் படைகள் கொடுமை செய்யவில்லை என்று அவர் எழுதவில்லை. கொடுமைகள் நடந்ததற்குச் சான்று மலைபோல் இருக்கிறது என்றே எழுதினார். அவற்றைச் செய்த அதிகாரிகள் அந்தந்த நாடுகளில் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றுவிட்டார்கள், டோக்கியோவில் இருந்த தலைவர்கள் அதற்கு ஆணையிட்டதாக நிரூபணம் ஆகவில்லை என்பதுதான் அவர் நிலை. அது அவர் சொந்தக் கருத்து, இந்திய அரசின் கருத்தல்ல என்று நேரு விலகி நின்றார்.

இன்னொரு சேதி பலருக்கும் தெரியாது. டோக்கியோவில் இந்தியாவின் சார்பில் நீதிபதி மட்டும் போகவில்லை, வழக்கறிஞரும் போனார். அவர் பி. கோவிந்த மேனன். சென்னையில் வழக்கறிஞராக இருந்து, பின்னாளில் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். கல்கத்தாக்காரர் விடுதலை என்றார், சென்னையிலிருந்து போனவர் குற்றம் என்று வாதாடியவர்களின் அணியில் இருந்தார். பாலுக்கு ஜப்பானில் நினைவுக்கல் இருக்கிறது. மேனனை ஜப்பானிலும் யாரும் நினைப்பதில்லை, இங்கேயும் நினைப்பதில்லை.

தோட்டத்திலிருந்து சயாமுக்கு

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கேட்டால் தோட்டத்துப் பெரியவர்கள் சொன்னவை பெரும்பாலும் மூன்று: மரவள்ளிக்கிழங்கு, கோணிச்சாக்குத் துணி, சயாம் ரயில்.

மலாயா விழுந்ததும் ரப்பர் வாங்கிய அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகள் அறுந்துபோயின. வெள்ளைக்காரத் துரைமார்கள் ஓடிவிட்டார்கள், அல்லது சிறையில். மரத்தில் பால் இருந்தும் வெட்டியவனுக்குச் சம்பளம் இல்லை. அரிசி இல்லை. இந்த நேரத்தில்தான் பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சரக்கு அனுப்ப நிலவழி தேவைப்பட்டது. கடல்வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தன. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். மலையும் காடும் ஆறும் நிறைந்த வழி. வெள்ளைக்காரக் கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல் வேலைக்கு விடப்பட்டும் போதவில்லை.

முதலில் ஆசை காட்டினார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை, சாப்பாடும் இருப்பிடமும் உண்டு என்றார்கள். பட்டினி கிடந்தவர்கள் பெயர் கொடுத்தார்கள். போனவர்கள் திரும்பி வராமல், ஒரு கடிதமும் வராமல் போகவே, அடுத்த முறை ஆள் கிடைக்கவில்லை. பிறகு வலுக்கட்டாயம். ஒவ்வொரு தோட்டமும் இத்தனை ஆள் தரவேண்டும் என்று கணக்கு வந்தது. கிராணிகளும் கங்காணிகளும் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. யார் பெயரை எழுதுவது என்ற முடிவு லயத்துக்கு லயம் மனக்கசப்பை விட்டுப் போனது. கள்ளுக்கடையிலும் சாலையிலும் பிடித்து லாரியில் ஏற்றியதுண்டு. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்கு மக்களை வரவைத்து, கதவை அடைத்து, அப்படியே ரயிலுக்குக் கொண்டுபோன கதையும் மலாயாவில் பதிவாகியிருக்கிறது. படம் பார்க்கப் போனவர்கள் சயாமில் போய் இறங்கினார்கள்.

சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரத் தோட்டங்கள் எல்லாம் ரயில் பாதையை ஒட்டியவை. கிம்மாசைத் தாண்டி வடக்கே போகிற அந்தத் தண்டவாளத்தில், காற்று நுழையாத சரக்குப் பெட்டிகளில் நாள்கணக்கில் பயணம். பான் போங்கில் இறங்கிய பிறகு வேலையிடத்துக்குக் காட்டுவழி நடை. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

வெள்ளைக்காரக் கைதிகளைவிடத் தமிழர்கள் அதிக விகிதத்தில் செத்ததற்குக் காரணம் உண்டு. கைதிகள் படையினர். அவர்களோடு அவர்களின் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதே, கழிப்பறைக் குழியைத் தள்ளித் தோண்டு என்று கட்டளையிட ஆள் இருந்தது. யார் செத்தார், எங்கே புதைத்தோம் என்று ரகசியமாகப் பட்டியல் எழுதி வைத்தார்கள். தோட்டத்து மக்களோடு மருத்துவர் இல்லை. பெண்களும் பிள்ளைகளும்கூட இருந்தார்கள். காலரா வந்தபோது கூரைக்குக் கூரை பிணம். புதைத்தவனும் மறுவாரம் புதைக்கப்பட்டான். பட்டியல் எழுத யாரும் மிஞ்சவில்லை. காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் ஏறக்குறைய ஏழாயிரம் வெள்ளைக்கார வீரர்களுக்குக் கல் இருக்கிறது, பெரும்பாலும் பெயரும் இருக்கிறது. நம்மவர்களுக்கு அப்படியொரு வரிசை எங்கும் இல்லை.

தீர்ப்பில் உள்ள வரி

இப்போது டோக்கியோ தீர்ப்புக்குத் திரும்பலாம். பர்மா - சயாம் ரயிலுக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. கைதிகளில் 16,000 பேர் பதினெட்டு மாதத்தில் இறந்தார்கள் என்று அது கணக்குச் சொல்கிறது. பிறகு உள்ளூர்த் தொழிலாளர்களின் நிலை. பர்மியர், தமிழர், ஜாவானியர், மலாயர், சீனர் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சிலரை வாக்குறுதி கொடுத்தும் சிலரைக் கட்டாயப்படுத்தியும் கொண்டுபோனார்கள் என்கிறது. மொத்தம் சுமார் 1,50,000 பேர், அவர்களில் குறைந்தது 60,000 பேர் பாதை போடும் காலத்திலேயே இறந்தார்கள், அவர்கள் நடத்தப்பட்ட விதம் கைதிகள் நடத்தப்பட்டதைவிட மோசமாக இருந்தது என்றும் சொல்கிறது. பின்னாளில் ஆய்வாளர்கள் போட்ட கணக்குகள் இந்த எண்களைவிடப் பெரியவை.

டோஜோவுக்கான தனித் தீர்ப்பிலும் இந்த ரயில் வருகிறது. கைதிகளை அந்த வேலைக்குப் பயன்படுத்தச் சொன்னவர் அவர். தங்குமிடம், உணவு, மருந்துக்கு ஏற்பாடு செய்யவில்லை. நிலைமை மோசம் என்று கேள்விப்பட்டு ஓர் அதிகாரியை அனுப்பிப் பார்த்தார். அதன் பலனாக நடந்தது ஒன்றே ஒன்று: ஒரு கம்பெனித் தளபதி மீது வழக்கு. சாவு நிற்கவில்லை. அவரைப் போர்க்குற்றவாளி ஆக்கிய காரணங்களில் இதுவும் ஒன்று.

கவனித்துப் பார்த்தால் இங்கே ஓர் இடைவெளி தெரியும். தமிழர் சாவு ரயில் பற்றிய பொதுப் பகுதியில் எழுதப்பட்டது. டோஜோவைத் தண்டிக்கும் பகுதியில் பேசப்படுவது கைதிகளின் சாவுதான். விசாரணையில் நாற்காலி கிடைத்த நாடுகள் தங்கள் வீரர்களுக்காக வந்தவை. மலாயாவுக்கு நாற்காலி இல்லை, அதற்காக பிரிட்டன் உட்கார்ந்திருந்தது.

பால் இந்த ரயிலையும் தொட்டு எழுதினார். கைதிகளைப் போர் வேலைக்குப் பயன்படுத்தியதற்கு டோஜோ பொறுப்பு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அது அரசின் செயல், அதற்காகத் தனி மனிதர் மேல் குற்றம் சுமத்த முடியாது என்று முடித்துவிட்டார். சட்டத்தின் கண்ணால் பார்த்தால் அவர் சொன்னதில் ஒழுங்கு இருக்கலாம். கணவன் சயாமுக்குப் போய்த் திரும்பாத லயத்து வீட்டில் அந்த ஒழுங்கை எப்படி விளக்குவது?

ஒரே வீட்டில் இரண்டு கதை

ஜோகூர்த் தோட்டங்களில் இந்தக் கதையை ஒரே நிறத்தில் சொல்ல முடியாது. நேதாஜி படம் மாட்டிய வீடுகளிலேயே சயாமுக்குப் போய்த் திரும்பாத ஆளும் உண்டு. இந்திய சுதந்திரச் சங்கத்துக்குத் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் இருந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் சேர்ந்தார்கள். அந்தப் படையில் இருந்த ஜானகி தேவரும், நேதாஜியின் அரசில் பணியாற்றிய ஜான் திவியும் 1946-இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் பிறந்தபோது முன்னின்றவர்கள். கூலி என்று அழைக்கப்பட்ட ஒருவன் முதல்முறையாகச் சீருடை போட்டு நெஞ்சை நிமிர்த்தியது அந்த ராணுவத்தில்தான். ரயில் வேலைக்குப் பிடித்துப் போகாமல் தப்பவே ராணுவத்தில் சேர்ந்தவர்களும் உண்டு.

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். நான்கு நாள் கழித்து, அக்டோபர் 25 அன்று, சயாம் ரயில் பாதை திறக்கப்பட்டது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் படம் இன்னும் வரவில்லை. 'பிரைட்' முதல் தேதியின் உணர்ச்சியை எடுத்துக்கொண்டது.

ஜோகூர் மண்ணில் நடந்ததற்கு யார் விசாரிக்கப்பட்டார் என்ற கேள்விக்கும் விசித்திரமான விடைதான். சிங்கப்பூரைத் தாக்க ஜோகூர்பாருவின் புக்கிட் செரீன் அரண்மனையில் இருந்து கட்டளையிட்டவர் ஜெனரல் யமாஷிதா. அவரை மணிலாவில் விசாரித்து 1946 பிப்ரவரியில் தூக்கிலிட்டார்கள். அது பிலிப்பீன்ஸில் நடந்த கொடுமைகளுக்காக. மலாயாவுக்காக அவரை யாரும் கேள்வி கேட்கவில்லை. மூவார் பக்கம் பாரிட் சூலோங்கில் 1942 ஜனவரி 22 அன்று காயமடைந்து சரணடைந்த ஆஸ்திரேலிய, இந்தியப் போர்வீரர்களைக் கொன்றதற்கு ஜெனரல் நிஷிமுரா பொறுப்பாக்கப்பட்டார். ஆஸ்திரேலியர்கள் அவரை மானுஸ் தீவில் விசாரித்து 1951 ஜூனில் தூக்கிலிட்டார்கள். தன் ஆள் செத்ததை விடாமல் துரத்திய நாடு இருந்ததால் அந்த வழக்கு நடந்தது.

தோட்டத் தமிழருக்கு அப்படித் துரத்த யார் இருந்தார்கள்? 1951-இல் சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தில் பிரிட்டன் போர் இழப்பீட்டைக் கைவிட்டது. 1952-இல் இந்தியா தனியாக ஜப்பானோடு ஒப்பந்தம் செய்து, அதுவும் இழப்பீடு வேண்டாம் என்றது. 1967-இல் மலேசியாவுக்கு ஜப்பான் 2 கோடியே 50 லட்சம் மலேசிய வெள்ளி மதிப்புக்கு உதவி தர இசைந்து, அது இரண்டு கப்பல்களாக வந்தது. சயாம் ரயிலில் வேலை செய்து பிழைத்து வந்தவர்களின் கைக்கு அதில் எதுவும் போகவில்லை. அவர்களுக்கு வரவேண்டிய கூலியைக் கேட்கும் குரல் பல பத்தாண்டுகள் கழித்தும் எழுந்துகொண்டே இருந்தது. கேட்டவர்களே ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

எழுத்தில் மட்டும் ஓரளவு மிஞ்சியிருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய மலேசிய நாவல்கள் அந்தக் காட்டுக்குள் போகின்றன. இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி 'இமயத் தியாகம்' எழுதியவரும் அதே ரெங்கசாமிதான் என்பதைக் கவனிக்கலாம். ஒரே எழுத்தாளருக்கு இரண்டு கதையும் தேவைப்பட்டிருக்கிறது.

டோக்கியோவுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் யாசுகுனி ஆலயத்தையும் பார்த்து வருவதுண்டு. 1978 முதல் டோஜோவும் அங்கே வணங்கப்படுகிறார். வளாகத்தில் நீதிபதி பாலுக்கு 2005-இல் எழுப்பிய நினைவுக்கல் இருக்கிறது. அருகில் உள்ள அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில், நன்றாகத் துடைத்துப் பளபளப்பாக, ஒரு கறுப்பு நீராவி எஞ்சின் நிற்கிறது. எண் சி56 31. அது சயாம் - பர்மா பாதையில் ஓடிய எஞ்சின்.